கண்டிக்கு வழி காட்டும் இணைய வரைபடங்கள்: கோட்டுக்கு யார் பொறுப்பு?

தங்குவிடுதியோ வேன் சேவையோ நடத்தும் ஒருவர் தமது இணையத்தளத்தில் பயணத் திட்ட வரைபடம் சேர்ப்பது இன்று பெரிய வேலையல்ல. விருந்தினர் தலதா மாளிகை, பேராதனைத் தாவரவியல் பூங்கா, நக்கிள்ஸ் என்று இடங்களைத் தொட்டுத் தேர்ந்தால் போதும். தளம் அவற்றை ஒரு கோட்டால் இணைத்து, தூரத்தையும் நேரத்தையும் சொல்லிவிடும். லீஃப்லெட் என்ற நிரல்தொகுப்பு இலவசம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவும் இலவசம். ஆனால் அந்தக் கோட்டை நம்பி ஒருவர் வாகனத்தை எடுக்கும்போது வரைந்தவருக்குச் சில கடமைகளும், நம்பியவருக்குச் சில உரிமைகளும் உண்டாகின்றன. பெரும்பாலான தளங்களில் இவை இரண்டைப் பற்றியும் ஒரு வரிகூட இருப்பதில்லை.

பாதை கணிக்கும் நிரல் மலையைப் பார்ப்பதில்லை. வீதியின் வகையென்று தரவில் எழுதியிருப்பதை வைத்தே அது வேகத்தை எடுத்துக்கொள்கிறது. பரவலாகப் பயன்படும் ஓஎஸ்ஆர்எம் நிரலின் இயல்பான அமைப்பில், வேகவரம்பு குறிக்கப்படாத முதன்மை வீதிக்கு மணிக்கு 65 கிலோமீற்றர். அந்தக் கணக்கில் கண்டியிலிருந்து சுமார் 77 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நுவரெலியாவுக்கு ஒன்றேகால் மணி நேரம் போதும். கம்பளை, புஸ்ஸல்லாவை, றம்பொடை என்று வளைந்து ஏறிப் போகிறவர்களுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு தேவைப்படும். கொழுந்து லொறி மட்டும் ஏறி இறங்கும் தோட்டப் பாதை தரவில் வெறும் வீதியாகப் பதிந்திருந்தால், குறுக்குவழி என்று நிரல் அதையே தேர்ந்தெடுக்கும். மலைவீதிகளுக்கு வேகத்தைக் குறைத்து அமைப்பதும், தோட்டப் பாதைகளைக் கணக்கிலிருந்து விலக்குவதும் நிரலரால் செய்யக்கூடியவை. செய்யாமல் விடுவது சோம்பல்தான்.

வீதிகள் மூடப்படுவது இதைவிடக் கடினமான விடயம். தலதா மாளிகைக்கு முன்னாலுள்ள வீதிப் பகுதி 1998 ஜனவரிக் குண்டுத் தாக்குதலுக்குப் பின் வாகனங்களுக்கு மூடப்பட்டது. எசல பெரஹரா நாட்களில் நகரின் நடுவீதிகள் மாலையானதும் அடைபடும். 2025 நவம்பர் 22 அன்று பஹல கடுகண்ணாவையில் மண்மேடு சரிந்து உயிர்கள் பலியாயின; கொழும்பு–கண்டி வீதியும் மூடப்பட்டது. சில நாட்களில் வந்த டித்வா புயல் கண்டி மாவட்டத்தின் வீதிகளையும் ரயில் பாதையையும் பல இடங்களில் அறுத்தது. பழைய தரவுப் பிரதியை வைத்திருக்கும் தளத்துக்கு இவை எதுவும் தெரியாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் வெளியிடுகிறது. மழைக்காலத்தில் அந்த அறிவித்தலுக்கு ஓர் இணைப்பையும், தரவு கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட திகதியையும் வரைபடத்தின் அருகே இடுவதற்குச் செலவே இல்லை.

தவறான கோடு என்ன செய்யும் என்பதற்கு அயல்நாடான இந்தியாவிலேயே சான்றுண்டு. 2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் கூடலூரில், கூகுள் வரைபடத்தைப் பின்பற்றிய கார் ஒன்று படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. அது சிரிப்போடு முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, முடிக்கப்படாத பாலத்திலிருந்து கார் விழுந்து மூவர் இறந்தனர். பொலிஸார் பதிந்த வழக்கில் பொதுப்பணித்துறைப் பொறியியலாளர்களோடு, பெயர் குறிப்பிடப்படாத கூகுள் வரைபட அதிகாரி ஒருவரும் சேர்க்கப்பட்டார்.

இலங்கையில், கட்டணம் பெற்று வழங்கும் சேவை உரிய கவனத்தோடும் திறனோடும் செய்யப்பட வேண்டும் என்பதை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் உட்கிடையான உத்தரவாதமாகக் கொள்கிறது. பிழையாக வழிநடத்தும் விவரங்களையும் அது தடைசெய்கிறது. “வரைபடத்துக்கு நாம் பொறுப்பல்ல” என்று அடியில் சிறிய எழுத்தில் போட்டால் தப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தைப் பார்க்க வேண்டும். கவனயீனத்தால் நேரும் மரணத்துக்கோ காயத்துக்கோ உரிய பொறுப்பை அத்தகைய வாசகத்தால் கழற்றிவிட முடியாது.

அடுத்தது பயணியின் தரவு. சேமித்த பயணத் திட்டம், ஒருவர் எந்த இரவு எந்த விடுதியில் இருப்பார் என்பதையும், எத்தனை நாள் அவர் வீடு பூட்டிக்கிடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறது. பெயர்களை நீக்கிவிட்டால் ஆபத்தில்லை என்று கருத முடியாது: உடற்பயிற்சிச் செயலி நிறுவனமான ஸ்ட்ராவா வெளியிட்ட ஓட்டத் தட வரைபடத்திலிருந்து இராணுவ முகாம்களின் அமைப்பே தெரிந்துவிட்டமை 2018 ஜனவரியில் அம்பலமானது. பகிரும் இணைப்பை எவரும் ஊகித்துத் திறக்கக்கூடியதாக வைப்பதும், அனுமதி கேட்காமல் இருப்பிடத்தைப் பதிவதும் தளங்களில் அடிக்கடி காணப்படும் தவறுகள். வரைபடத்தை ஏற்றும்போதே பார்வையாளரின் ஐபி முகவரி மூன்றாம் தரப்புக்குப் போகிறது. இதேவிதமாகக் கூகுள் எழுத்துருவை ஏற்றிய தளமொன்றுக்கு 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் 100 யூரோ நட்டஈடு விதித்தது. ஜேர்மன் விருந்தினரை அழைக்கும் கண்டி விடுதிக்கு இது தூரத்துச் செய்தியல்ல. முதலில் வெறும் படத்தைக் காட்டி, விருந்தினர் தொட்ட பின்பே இயங்கும் வரைபடத்தை ஏற்றினால் சிக்கல் குறையும்.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய தரவைப் பார்க்கவும் திருத்தவும் அழிக்கவும், கொடுத்த சம்மதத்தை மீளப்பெறவும் உரிமை வகுத்தது. மீறலுக்கு ஒரு கோடி ரூபாய் வரை தண்டம். முழு அமுலாக்கம் 2025 மார்ச்சிலிருந்து பின்போடப்பட்டு, அதே ஆண்டில் சட்டமும் திருத்தப்பட்டது. ஆகவே முறையிடும் முன், எந்தப் பிரிவு நடைமுறையில் உள்ளது என்பதைத் தரவுப் பாதுகாப்பு அதிகார சபையிடம் கேட்டறிவது நல்லது.

தளம் நடத்துபவருக்கும் ஆபத்துண்டு. கூகுள் வரைபடம் 2018 முதல் கட்டண அட்டை இணைத்த கணக்கைக் கேட்கிறது. அந்தக் கணக்கை அடையாளம் காட்டும் திறவுகோல் (ஏபிஐ கீ) பக்கத்தின் மூலநிரலில் எவர் கண்ணுக்கும் படும். தமது தளத்துக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தாவிட்டால் பிறர் அதைப் பயன்படுத்த, பில் உரிமையாளருக்கு வரும். செலவு எச்சரிக்கை மின்னஞ்சல் தகவல் மட்டுமே தரும். பாவனையை நிறுத்துவது நாளாந்த உச்சவரம்புதான். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலோ பங்களிப்பாளர்களின் பெயர்க்குறிப்பு வரைபடத்தில் தெரிய வேண்டும். அதன் வழங்கிகள் நன்கொடையில் ஓடுபவை. மொத்தமாகப் படத்துண்டுகளை இறக்கினால் முன்னறிவிப்பின்றித் தடுக்கப்படலாம்.

பாதிக்கப்பட்டவர் முதலில் திரைப்பிடிப்பை, திகதியும் இணைய முகவரியும் தெரியும்படி எடுத்துவைக்க வேண்டும். இலத்திரனியல் பதிவுகளுக்கு 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் சட்ட அங்கீகாரம் தருகிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம், தொலைபேசி 1977. சுற்றுலாச் சேவை பற்றியதாயின் 1912. கணக்கு ஊடுருவப்பட்டால், கணினி அவசரநிலைகளைக் கையாளும் இலங்கை சேர்ட்டின் 101. வழியில் மண்சரிவென்றால் 117, பொலிஸுக்கு 119.

வரைபடப் பிழையைத் திருத்தும் வழியும் உண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் திறந்த எவரும் மூடிய வீதியைக் குறிக்கலாம். ஆங்கிலத்தில் மட்டும் கிடக்கும் தோட்டங்களின் தமிழ்ப் பெயரையும் சேர்க்கலாம். திருத்தம் மூல வரைபடத்தில் சில நிமிடங்களில் தெரியும். ஆனால் தனிப் பிரதி வைத்திருக்கும் தளத்தில், அவர்கள் புதுப்பிக்கும் வரை பழைய கோடே நிற்கும். அதனால் தளத்தாருக்கும் மின்னஞ்சலில் தெரிவித்து, அதன் பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் அதே பாதையில் விபத்து நேர்ந்தால், தமக்குத் தெரியாது என்று அவர்கள் வாதிட இடமிருக்காது.