வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஏரிப் பாசன நிலங்கள் பல இன்று தொழிற்பேட்டைகளாகிவிட்டன. கால் ஏக்கரும் வீட்டுக் கொல்லையும் மட்டுமே மிஞ்சிய குடும்பங்கள் இங்கு உண்டு. கிணற்றடியில் ஒடித்துவந்த கறிவேப்பிலையை இவர்களும் இப்போது கடையில் வாங்குகிறார்கள். கொல்லையில் இரண்டு செடிகள் இருந்தால் ஒரு குடும்பத்தின் தேவைக்குப் போதும்.

காசு மிச்சம் என்பது மட்டும் இதில் நன்மையன்று. விற்பனைக்குப் பயிராகும் கறிவேப்பிலைக்குச் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்காக மருந்து தெளிக்கின்றனர். தெளித்தபின் போதிய நாள் விடாமல் அறுத்தால் நஞ்சு இலையில் தங்கிவிடும். இக்காரணத்தால், ஐரோப்பிய ஒன்றியம் 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட விதிகளில் இந்தியக் கறிவேப்பிலையும் கூடுதல் சோதனைக்குரிய பொருளாகச் சேர்க்கப்பட்டது.

இடமும் மண்ணும்

வடிகால் வசதியுள்ள செம்மண் கலந்த நிலம் ஏற்றது. நம் பகுதியின் களிமண்ணில் ஐப்பசி, கார்த்திகை மழைநீர் தேங்கினால் வேர் அழுகிச் செடி பட்டுப்போகும். 2015 டிசம்பர் பெருமழையை நினைவிற்கொண்டு, ஒன்றரை அடி உயரத்துக்கு மண் அணைத்து, மேட்டின் மேல் நட வேண்டும். லாரிகள் ஓடும் சாலையோரம் தூசி படியும். ஆகவே வீட்டின் பின்புறமே நல்லது. சோப்பு நீரைப் பாய்ச்சக்கூடாது.

நடவு

ஆடி மாதத்தையொட்டிப் பழங்கள் கறுத்துப் பழுக்கும். சதையை நீக்கி, மூன்று நான்கு நாட்களுக்குள் விதைக்க வேண்டும். விதை காய்ந்தால் முளைப்புத்திறன் குறையும். ஓராண்டு வயதான நாற்றே நடவுக்கு ஏற்றது. தாய்மரத்தின் வேரிலிருந்து கிளம்பும் கன்றுகளையும் வேருடன் பெயர்த்து நடலாம். ஓரடி நீள, அகல, ஆழமுள்ள குழியில் மக்கிய தொழு உரத்தை மேல்மண்ணுடன் கலந்து இட வேண்டும். செடிக்குச் செடி நான்கு முதல் ஐந்து அடி இடைவெளி தேவை. காம்பு சிவந்த ‘செங்காம்பு’ வகைக்கு மணம் அதிகம்.

பராமரிப்பு

செடி மூன்றடிக்கு மேல் வளர்ந்ததும் நுனியை வெட்டிவிட வேண்டும். ஐந்தாறு பக்கக் கிளைகள் கிளைத்துப் புதர்போல் வளரும். வெட்டாமல் விட்டால் மரமாகி, இலை கைக்கு எட்டாது. பூங்கொத்துகளைக் கிள்ளி எறிந்தால் தழை பெருகும். வளர்ந்த செடிக்கு ஆண்டுக்கு 20 கிலோ தொழு உரம் இடலாம். புளித்த மோர் ஊற்றுவது நம் வீடுகளில் வழக்கம். ஊற்றலாம், ஆனால் அது எருவுக்கு ஈடாகாது. ஓராண்டு முடிவில் இலை பறிக்கத் தொடங்கலாம். இலையை மட்டும் உருவாமல் கிளையோடு ஒடித்தால் புதுத்தளிர் வரும்.

பயிர்ப் பாதுகாப்பு

எலுமிச்சையும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. எலுமிச்சையைத் தாக்கும் பூச்சிகள் இதிலும் வரும். பறவை எச்சம்போல் தோன்றும் இளம்புழுக்களைக் கையால் பொறுக்கி அழிக்கலாம். தளிர் சுருண்டால் அந்த நுனியைக் கிள்ளி எரித்துவிட வேண்டும். தாக்குதல் மிகுந்தால், 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது காதிசோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கவும். வீட்டுச் செடிக்கு வேறு மருந்து தேவையில்லை.

உணவில்

சுண்ணாம்புச் சத்தும், கண்பார்வைக்கு உதவும் கரோட்டினும் கறிவேப்பிலையில் மிகுதி. தாளித்ததைச் சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டால் அந்தச் சத்து வீணாகும். இலையைக் கழுவி, நிழலில் உலர்த்தி (வெயிலில் நிறமும் மணமும் குறையும்), வறுத்த உளுந்து, மிளகாய், மிளகு, சிறிது புளி, உப்புடன் பொடித்து வைத்தால் சோற்றில் பிசைந்து முழுமையாக உண்ணலாம். கடையில் வாங்க நேர்ந்தால், புளிக்கரைசலில் 15 நிமிடம் ஊறவைத்து, நல்ல நீரில் அலசிப் பயன்படுத்தவும்.

கொல்லை இல்லாதோர், அடியில் துளையிட்ட பெரிய தொட்டியில் ஒரு செடி வளர்க்கலாம். தொழிற்சாலை வேலைக்கு வந்து வாடகைக்குக் குடியிருப்போர் இங்கு நிறையப் பேர். நான்கைந்து செடி வளர்ப்போர், மிகுந்ததைக் கட்டாகக் கட்டி, மருந்து தெளிக்காத இலை என்று சொல்லியே அவர்களுக்கு விற்கலாம்.