நோயை வெளியே விடாத ஊர் – தெரியுமா?

கொள்ளைநோய் வந்தால் ஊர் என்ன செய்யும்? மூட்டையைக் கட்டும். வண்டி இருப்பவர் வண்டியில், இல்லாதவர் கால்நடையாக. 1665-இல் லண்டனைப் பிளேக் பிடித்தபோது மன்னர் இரண்டாம் சார்லஸே பரிவாரத்தோடு கிளம்பிவிட்டார். மன்னரே ஓடும்போது குடிமக்களைக் குறை சொல்ல முடியுமா? ஆனால் அதே பிளேக், வடக்கே வெகுதொலைவில், டெர்பிஷயர் மலைகளுக்கு நடுவே இருந்த ஒரு குட்டி ஊருக்கு வந்தபோது அந்த ஊர் ஓடவில்லை, தெரியுமா? தன்னைச் சுற்றி ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, இதைத் தாண்டி நாங்களும் வரமாட்டோம், நீங்களும் வராதீர்கள் என்று உள்ளேயே இருந்துவிட்டது. நோய் உள்ளே வராமல் இருக்க அல்ல! அதுதான் ஏற்கெனவே வந்து ஒன்பது மாதமாக ஆளைத் தின்றுகொண்டிருந்ததே. வெளியே போகாமல் இருக்க!

ஊரின் பெயர் ஈம். ஈயச் சுரங்கமும் ஆடு வளர்ப்பும் கொஞ்சம் விவசாயமும்தான் பிழைப்பு.

அத்தனை தொலைவுக்கு நோய் எதில் ஏறி வந்தது தெரியுமா? ஒரு துணிக்கட்டில்! அலெக்சாண்டர் ஹாட்ஃபீல்ட் என்ற தையற்காரருக்கு 1665 கோடையின் கடைசியில் லண்டனிலிருந்து துணி வந்தது. பிரித்தவர் அவரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் விக்கார்ஸ். துணி நமுத்துப்போயிருந்ததால் கணப்புக்கு முன்னால் விரித்துக் காயப்போட்டார், மடிப்புக்குள் தூங்கிய தெள்ளுப்பூச்சிகள் சூடு பட்டதும் எழுந்துவிட்டன என்று ஊரில் சொல்கிறார்கள். செப்டம்பர் 7-ஆம் தேதி விக்கார்ஸுக்கு அடக்கம். அடுத்து அதே வீட்டுச் சிறுவன் எட்வர்ட் கூப்பர். அப்புறம் பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு. கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டும், காய்ச்சல் கொதிக்கும், சில நாளில் கதை முடிந்துவிடும். அந்த வருடம் முடிவதற்குள் 42 பேர்!

இதில் இன்னொரு கொடுமை. அன்றைக்குத் தெள்ளுப்பூச்சியை யாருமே சந்தேகப்படவில்லை. கெட்ட காற்று என்றார்கள், பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்றார்கள். பிளேக் கிருமியை அலெக்சாண்டர் யெர்சின் ஹாங்காங்கில் கண்டுபிடித்தது 1894-இல். எலியிடமிருந்து எலிக்கு அதைச் சுமப்பது தெள்ளுப்பூச்சி என்று பால் லூயி சிமோன் செய்துகாட்டியது 1898-இல், எங்கே தெரியுமா? அன்றைய பம்பாய் மாகாணத்துக் கராச்சியில்! அப்போதும் சக விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் நம்பவில்லை. எதிரி யார் என்றே தெரியாமல் அதற்கு இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகள் முன்னால் போராடியவர்கள் ஈம் ஊர்க்காரர்கள்.

1666 மே மாதம் சாவு விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தது. போய்விட்டது என்று மூச்சு விட்டார்கள். ஜூனில் திரும்பி வந்தது. இந்த முறை ஊர் கிளம்பத் தயாராகிவிட்டது. பக்கத்துப் பெரிய ஊர் ஷெஃபீல்ட், சுமார் இருபது கிலோமீட்டர்தான். ஈம்காரர்கள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தால்?

அந்த நேரத்தில் நடந்ததுதான் இந்தக் கதையிலேயே பெரிய அதிசயம் என்பேன். ஊரில் அப்போது இரண்டு பாதிரியார்கள். வில்லியம் மோம்பெசன், முப்பதைத் தொடாதவர், வந்து இரண்டே ஆண்டு ஆன புதியவர், அரசாங்கத் திருச்சபையின் ஆள். இன்னொருவர் தாமஸ் ஸ்டான்லி. அரசாங்கம் சொன்ன ஜெபப் புத்தகத்தை ஏற்கமாட்டேன் என்று 1662-இல் பதவி இழந்த தூய்மைவாதி. பதவி போனாலும் ஊர்ஜனங்களில் பாதிக்கு மேல் அவர் பக்கம். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்ட இரண்டு கட்சிகளின் மிச்சம் இவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதியவர் சொன்னால் ஊர் கேட்காது. பழையவர் சொன்னால் சட்டம் கேட்காது. மோம்பெசன் என்ன செய்தார் தெரியுமா? கௌரவம் பார்க்காமல் ஸ்டான்லியைத் தேடிப் போனார். இருவரும் சேர்ந்து நின்று ஊரிடம் பேசினார்கள்.

முடிவுகள் மூன்று. ஒன்று, செத்தவர்களைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவரக் கூடாது. அவரவர் வீட்டார் அவரவர் நிலத்திலேயே புதைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு, தேவாலயத்துக்குப் பூட்டு; ஆராதனை இனிமேல் கக்லெட் டெல்ஃப் என்ற புல் பள்ளத்தாக்கில், திறந்த வெளியில், குடும்பம் குடும்பமாக விலகி நின்று. இடைவெளி விட்டு நிற்பதை 2020-இல்தான் உலகம் கற்றுக்கொண்டது என்று நினைத்திருந்தீர்களா? மூன்றாவதுதான் கடினமானது. எல்லையை யாரும் தாண்டக் கூடாது.

சரி, சாப்பாடு? அருகிலிருந்த சாட்ஸ்வொர்த் மாளிகையின் டெவன்ஷயர் பிரபு, நீங்கள் உள்ளேயே இருப்பதானால் உணவுக்கும் மருந்துக்கும் நான் ஏற்பாடு செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். பக்கத்து ஊர்க்காரர்களும் எல்லையில் பொருளை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். காசை எப்படிக் கொடுத்தார்கள் தெரியுமா? பக்கத்து ஊரான ஸ்டோனி மிடில்டனுக்குப் போகும் வழியில் இன்றும் ஒரு பாறை கிடக்கிறது. அதன் முதுகில் ஆறு குழிகள். குழியில் வினிகரை ஊற்றி அதற்குள் நாணயத்தைப் போட்டுவைத்தார்கள்! கிருமி என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில்! ஊருக்கு மேலே மலைப்பக்கம் ஓர் ஊற்று, அங்கே காசை ஓடும் தண்ணீரில் போட்டார்கள். அந்த ஊற்றுக்கு இன்றும் மோம்பெசன் கிணறு என்றுதான் பெயர்.

ஆகஸ்ட் வந்தது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் 78 சாவு.

ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி ரைலி என்ற மேட்டில் ஒரு பண்ணைவீடு. எலிசபெத் ஹான்காக் என்ற பெண்மணி. எட்டே நாளில் தன் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் புதைத்தார். அவரேதான் புதைத்தார்! தூக்க ஆள் இல்லை, யாரையும் கூப்பிடவும் முடியாது. கையால் தொடாமல் இருக்க, காலில் துணியைக் கட்டி இழுத்துப்போய், பக்கத்து வயலில் தானே வெட்டிய குழியில் போட்டார். எதிர் மேட்டில் நின்ற ஸ்டோனி மிடில்டன்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இறங்கி வரவில்லை. வரக் கூடாது என்பதுதானே ஒப்பந்தம்? அவருக்கு மட்டும் நோய் வரவே இல்லை. எல்லாம் முடிந்த பிறகு ஷெஃபீல்டில் வேலை பழகிக்கொண்டிருந்த மகனிடம் போய்ச் சேர்ந்தார். வட்டமான ஒரு கல் சுவருக்குள் அந்தக் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. பாதிரியார்களின் பெயரைச் சொல்லும் புத்தகங்கள் எல்லாம் முதலில் இந்த அம்மாளின் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

மோம்பெசன் வீட்டிலும் அதே மாதம்தான். ஊரை அடைப்பதற்கு முன்பே தன் இரண்டு குழந்தைகளையும் அவர் யார்க்ஷயருக்கு அனுப்பிவிட்டார். (இதற்காக அவரைத் திட்டுபவர்கள் உண்டு. நான் திட்டமாட்டேன்; அப்போது எல்லைக்கோடு இல்லை.) மனைவி கேத்தரின் போக மறுத்துக் கணவரோடு இருந்து நோயாளிகளைப் பார்த்தார். ஆகஸ்ட் 25-இல் இறந்தார். வயது 27. ஊரே வீட்டுக் கொல்லையில் புதைந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் அவருக்குத் தேவாலய முற்றத்தில் இடம் கிடைத்தது.

இனி கொஞ்சம் சிரிக்கவும் செய்யலாம். இறந்தவர்களை எடுத்துப் புதைக்கும் வேலையை மார்ஷல் ஹோ என்ற முரட்டு ஆள் ஏற்றுக்கொண்டார். நோய் வந்து பிழைத்தவர், அதனால் திரும்ப வராது என்ற தைரியம். கூலி என்ன தெரியுமா? செத்தவர் வீட்டில் கிடைக்கும் சாமான்! ஒருநாள் அன்வின் என்பவர் போய்விட்டார் என்று குழி வெட்டிவிட்டு, அவரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினால், பிணம் குடிக்க ஏதாவது கொடு என்று கேட்டதாம்! குடித்துவிட்டுப் பிழைத்தும்விட்டாராம். மார்கரெட் பிளாக்வெல் என்ற பெண், சமையலறையில் இருந்த பன்றிக் கொழுப்பைப் பால் என்று நினைத்து மடமடவென்று குடித்து, வாந்தியெடுத்துப் பிழைத்தார் என்பது இன்னொரு கதை. இவையெல்லாம் வாய்வழியாக வந்தவை, நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஹோவின் மனைவியும் மகனும் நோயில் இறந்தது மட்டும் கதையில்லை.

ஸ்டோனி மிடில்டன் இளைஞர் ரோலண்ட் டோரும் ஈம் பெண் எம்மட் சிடலும் பள்ளத்தாக்கின் இரு கரையிலும் நின்று, பேசாமல் பார்த்துவிட்டுப் போவார்கள் என்றும் சொல்வார்கள். எல்லையை வகுப்பதற்கு முன்பே, ஏப்ரலில் எம்மட் இறந்தார். எல்லை திறந்ததும் ரோலண்ட் முதல் ஆளாக ஓடிவந்தாராம்.

ஊரை அடைத்துக்கொண்டு தப்பித்தவர்களும் உண்டா என்கிறீர்களா? உண்டு, ஆனால் அது எதிர்த்திசைக் கதை. 1918-இன் இன்ஃபுளூயன்சாவின்போது அமெரிக்காவின் கன்னிசன் என்ற மலையூர் சாலைகளில் தடுப்பு போட்டது, ரயிலை விட்டு இறங்கியவரைத் தனியே பிடித்துவைத்தது, ஏறக்குறைய முழுசாகத் தப்பியது. அதே ஆண்டு பசிபிக் கடலில் நடந்தது அதைவிட ஆச்சரியம். சமோவாத் தீவுகள் இரண்டு ஆட்சியில் இருந்தன. மேற்கே நியூசிலாந்து ஆட்சி. நவம்பர் 7-இல் ஆக்லாந்திலிருந்து வந்த டாலூன் கப்பலை விசாரிக்காமல் கரையேற்றியது. சுமார் 8,500 பேர், ஐந்தில் ஒருவருக்கும் மேல் இறந்தார்கள்! கிழக்கே அமெரிக்க ஆட்சி. ஆளுநர் ஜான் போயர் கப்பல்களைத் தடுத்தார், தீவு மக்களே கரையில் காவல் நின்றார்கள். சாவு எத்தனை தெரியுமா? ஒன்றுகூட இல்லை! நியூசிலாந்து 2002-இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

கன்னிசனும் கிழக்குச் சமோவாவும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளக் கதவைச் சாத்தின. ஈம் பிறரைக் காப்பாற்றச் சாத்தியது. முன்னதற்குப் புத்தி போதும்.

இதை எழுதும்போதே வரலாற்றாசிரியர்கள் சிலர் தொண்டையைச் செருமுவது கேட்கிறது. வசதி படைத்த பிராட்ஷா குடும்பம் முன்பே கிளம்பிப் போனது. ஏழைகள் தங்கியது தியாகமா, போக இடமில்லாததா என்று கேட்கிறார்கள். தியாக வீரர்கள் என்ற படம் பின்னால் வந்த எழுத்தாளர்கள் தீட்டியது என்கிறார்கள். நியாயமான கேள்விகள்தான். ஆனாலும் வேலி கிடையாது, காவல்படை கிடையாது, இருட்டில் யார் வேண்டுமானாலும் மலையேறிப் போயிருக்கலாம். கோடையின் நடுவில், வீட்டுக்கு வீடு பிணம் விழும்போது பெரும்பாலானோர் போகவில்லை, நோயும் சுற்றுப்புற ஊர்களுக்குத் தாவவில்லை.

1666 நவம்பர் 1-ஆம் தேதி ஆபிரகாம் மார்ட்டனோடு சாவு நின்றது. பதினான்கு மாதம். 76 குடும்பங்களில் 259 பேர் என்று மோம்பெசன் தன் கடிதத்தில் கணக்கு எழுதினார். மொத்த ஊரே 350 பேர்தான் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். அந்தக் கால வரிக் கணக்கைப் பார்த்தால் அதைப்போல இரண்டு மடங்கு இருந்திருக்கும் போலிருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் மூன்றில் ஒருவருக்கு மேல்!

இவ்வளவு செய்த மோம்பெசனுக்குக் கிடைத்த மரியாதை என்ன தெரியுமா? சில ஆண்டுகள் கழித்து ஈக்ரிங் என்ற ஊருக்கு மாற்றலாகிப் போனார். பிளேக் ஊர்ப் பாதிரியாரா என்று மிரண்டுபோன மக்கள் அவரை ஊருக்குள் விடவில்லை! பயம் தெளியும்வரை ரஃபர்ட் பூங்காவில் ஒரு குடிசையில் தங்கி, மரத்தடியில் பிரசங்கம் செய்தாராம்.

பிழைத்தவர்களுடைய வாரிசுகளின் மரபணுவையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். சிசிஆர்5 என்ற மரபணுவின் ஒரு மாற்று வடிவம் அவர்களிடம் கணிசமாக இருந்தது, அதுதான் காப்பாற்றியதோ என்று பரபரப்பானது. பிற்பாடு வந்த ஆய்வாளர்கள் பலர் அதற்கும் பிளேக்குக்கும் தொடர்பில்லை என்றார்கள். 2016-இல் வந்த ஆய்வுதான் தூக்கிவாரிப்போட்டது. யார் எந்த வீட்டில் எந்த நாளில் இறந்தார்கள் என்ற பதிவேட்டைக் கணிதத்தில் போட்டு அலசியபோது, ஈமில் நோய் பரவியதில் ஏறக்குறைய முக்கால் பங்கு மனிதரிடமிருந்து மனிதருக்கு, அதுவும் ஒரே வீட்டுக்குள் இன்னும் எளிதாக என்று தெரியவந்தது! எலி வழியாக வந்தது மிச்சக் கால் பங்குதான்.

பாவம் எலி. ஈம் அருங்காட்சியகத்தின் கூரைமேல் காற்றின் திசைகாட்டியாக அதைத்தான் ஏற்றிவைத்திருக்கிறார்கள்.