வலி தூண்டப்படும் பிரசவம்: வலி நிவாரணம் பற்றி முன்கூட்டியே முடிவெடுங்கள்

"வலி வர மருந்து வைக்கலாம்" என்று மருத்துவர் கூறியதும் பெரும்பாலான குடும்பங்கள் கேட்பது, "குழந்தை எப்போது பிறக்கும்? சுகப்பிரசவம் ஆகுமா?" என்பதே. அத்துடன் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, "வலி தாங்க முடியாமல் போனால் இந்த மருத்துவமனையில் என்ன செய்வீர்கள்?" என்பது. பிரசவ அறையில் வலி உச்சத்தில் இருக்கும்போது இதைக் கேட்டு, விளக்கம் பெற்று, முடிவெடுப்பது கடினம். வலி தூண்டும் தேதி குறிக்கப்படும் நாளே அதற்கு ஏற்ற நாள்.

சுருக்கமாக

- மருந்தால் தூண்டப்படும் வலி, தானாக வரும் வலியைவிடக் கடுமையாக உணரப்படலாம்.
- வலி நிவாரணம் கேட்பது தாயின் உரிமை. அது பலவீனம் அன்று.
- எல்லா மருத்துவமனைகளிலும் எல்லா முறைகளும் கிடைப்பதில்லை. எங்கு என்ன கிடைக்கும் என்பதை முன்பே அறிந்துகொள்ளுங்கள்.
- எடுத்த முடிவை எந்த நேரத்திலும் மாற்றிக்கொள்ளலாம்.

வலி ஏன், எவ்வாறு தூண்டப்படுகிறது?

கர்ப்பம் 41 வாரங்களைக் கடத்தல், வலி வருமுன் பனிக்குடம் உடைதல், இரத்த அழுத்தம் உயர்தல், நீரிழிவு, குழந்தையின் வளர்ச்சி குறைதல் ஆகியவை பொதுவான காரணங்கள். உங்களுக்கு எந்தக் காரணத்திற்காகத் தூண்டப்படுகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இது பெரும்பாலும் இரண்டு கட்டங்களாக நடைபெறும். முதற்கட்டத்தில் கருப்பை வாயை மென்மையாக்க ஜெல் அல்லது மாத்திரை தரப்படும், அல்லது சிறு பலூன் பொருத்திய குழாய் வைக்கப்படும். இரண்டாம் கட்டத்தில் தேவைக்கேற்பப் பனிக்குடம் உடைக்கப்பட்டு, ஆக்சிடோசின் மருந்து சொட்டு சொட்டாக இரத்தக்குழாய் வழியே செலுத்தப்படும். முதல் பிரசவமாயின், மருந்து வைத்ததிலிருந்து குழந்தை பிறக்க ஒரு நாளுக்கும் மேலாகலாம். இதை முன்பே அறிந்திருந்தால் "இவ்வளவு நேரமாகியும் ஒன்றும் ஆகவில்லையே" என்ற பதற்றம் குறையும்.

இந்த வலி எவ்வகையில் வேறுபட்டது?

தானாக வரும் வலி மெல்லத் தொடங்கி, இடைவெளி விட்டு, படிப்படியாக வலுக்கும். உடல் அதற்குப் பழகச் சிறிது நேரம் கிடைக்கும். ஆக்சிடோசின் சொட்டு மருந்தின்போது வலுவான கருப்பைச் சுருக்கங்கள் குறுகிய நேரத்திலேயே தொடங்கிவிடலாம். கையில் ஊசிக் குழாயும் வயிற்றில் குழந்தையின் இதயத்துடிப்பைக் கண்காணிக்கும் பட்டையும் இருப்பதால், எழுந்து நடப்பதும் குறையும். அதற்கு முன் ஒரு நாள் முழுவதும் சரியான உறக்கமின்றி இருந்திருந்தால், தாங்கும் ஆற்றல் மேலும் குறையும். ஆகவே, "என் முதல் பிரசவத்தில் ஊசியே போடாமல் தாங்கினேன்" என்று பிறர் கூறுவதை உங்களுக்கு அளவுகோலாகக் கொள்ள வேண்டாம்.

வலி நிவாரண முறைகள்

1. மருந்தில்லா முறைகள்

முதற்கட்டத்தில் இவை பெரிதும் உதவும். மருத்துவர் அனுமதித்தால் நடத்தல், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தல், மெதுவாக மூச்சை இழுத்து விடுதல், இடுப்பின் கீழ்ப்பகுதியைத் துணைவர் அழுத்தித் தேய்த்துவிடுதல், வெந்நீர் ஒத்தடம் ஆகியவற்றைச் செய்யலாம்.

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது பெண் துணைவர் ஒருவர் உடனிருக்கும் திட்டம் 2004-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. தைரியம் சொல்லக்கூடியவரை, குறிப்பாகத் தாமே பிரசவம் கண்டவரைத் தேர்ந்தெடுங்கள். பயமுறுத்திப் பேசுபவர் நெருங்கிய உறவினராயினும் அவ்விடத்திற்கு ஏற்றவர் அல்லர்.

இக்கட்டத்தில் பாராசிட்டமால் மாத்திரை தரப்படலாம். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாகவே உட்கொள்ளாதீர்கள். அவை வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும்.

2. நுகரும் வாயு

நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் சம அளவில் கலந்த வாயுவை, வலி தொடங்கும்போது முகமூடி வழியே தாயே பிடித்து நுகர வேண்டும். சில நொடிகளில் வேலை செய்யும். நிறுத்தினால் விரைவில் நீங்கும். வலியை முழுமையாகப் போக்காது. தலைசுற்றலும் குமட்டலும் வரலாம். இவ்வசதி சில மருத்துவமனைகளில் மட்டுமே உள்ளது.

3. வலி குறைக்கும் ஊசிகள்

பெத்திடின், டிரமடால் போன்றவை இவ்வகையின. ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கிச் சில மணி நேரம் நீடிக்கும். வலி ஓரளவு குறையும், இடையிடையே கண்ணயரலாம். வாந்தியும் தூக்கக் கலக்கமும் ஏற்படலாம். பெத்திடின் போன்ற ஊசி போட்ட சில மணி நேரத்திற்குள் குழந்தை பிறந்தால், குழந்தை சோர்வாக இருக்கலாம், மூச்சுவிட உதவி தேவைப்படலாம், தாய்ப்பால் குடிக்கத் தாமதிக்கலாம். எனவே பிரசவம் நெருங்கிய நிலையில் இவ்வூசியை மருத்துவர் தவிர்ப்பார்.

டிரோடாவெரின் போன்ற ஊசிகளும் பிரசவ அறையில் தரப்படுவதுண்டு. அவை முதன்மையாகக் கருப்பை வாய் விரைவில் விரிவதற்காகத் தரப்படுபவை. அவற்றையே வலி நிவாரணம் என்று எண்ணி ஏமாற வேண்டாம். "இது எதற்கான ஊசி?" என்று கேளுங்கள்.

4. எபிடியூரல்

இப்போதுள்ள முறைகளுள் வலியை மிக அதிகமாகக் குறைப்பது இதுவே. மயக்க மருத்துவர் உங்களைக் குனிந்து உட்காரவைத்து, அல்லது ஒருக்களித்துப் படுக்கவைத்து, கீழ்முதுகில் தோலை மரத்துப்போகச் செய்தபின், முதுகுத்தண்டு உறைக்கு வெளியே உள்ள இடத்தில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்துவார். ஊசி வெளியே எடுக்கப்படும். மென்மையான குழாய் மட்டும் இருக்கும். அதன் வழியே தேவைப்படும்போதெல்லாம் மருந்து செலுத்தலாம். ஏறத்தாழ 20 நிமிடங்களில் வலி குறையும். நீங்கள் விழிப்புடனேயே இருப்பீர்கள். அறுவைசிகிச்சை தேவைப்பட்டால், பெரும்பாலும் அதே குழாய் வழியே கூடுதல் மருந்து செலுத்தி அதைச் செய்யலாம். வலி தூண்டப்படும் பிரசவத்தில் இது குறிப்பிடத்தக்க பயன்.

இதன் குறைகளையும் அறிந்திருக்க வேண்டும்.

- இரத்த அழுத்தம் குறையலாம். ஆகவே அடிக்கடி அளவிடப்படும்.
- கால்கள் கனத்துப்போகலாம். சிறுநீர் கழிக்கக் குழாய் தேவைப்படலாம். அரிப்பு, நடுக்கம், காய்ச்சல் வரலாம்.
- குழந்தையை முக்கி வெளித்தள்ளும் நேரம் சற்று நீளலாம். ஆயுதம் போட்டு எடுக்கும் வாய்ப்பு சற்றுக் கூடலாம். குறைந்த செறிவுள்ள மருந்துகளைப் பயன்படுத்தும் இன்றைய முறையில் இவ்வாய்ப்பு வெகுவாகக் குறைந்துள்ளது.
- ஏறத்தாழ 8 முதல் 10 பேரில் ஒருவருக்கு வலி போதிய அளவு குறையாமல், குழாயைச் சரிசெய்யவோ மாற்றவோ நேரலாம்.
- ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்குக் கடுமையான தலைவலி வரலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. நிலையான நரம்புப் பாதிப்பு மிக மிக அரிது.

எபிடியூரல் யாருக்குப் பொருந்தாமல் போகலாம்?

இரத்தத் தட்டணுக்கள் மிகக் குறைந்தவர்கள், இரத்தம் உறைவதில் குறைபாடு உள்ளவர்கள், முதுகில் ஊசி போடும் இடத்திலோ இரத்தத்திலோ கிருமித்தொற்று உள்ளவர்கள், அதிக இரத்தப்போக்கு உள்ளவர்கள் ஆகியோருக்கு இது தவிர்க்கப்படும். ஹெப்பாரின் வகை ஊசி போட்டுக்கொள்பவர்கள், கடைசியாக எப்போது போட்டார்கள் என்பதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்; ஊசியின் அளவைப் பொறுத்து 12 முதல் 24 மணி நேர இடைவெளி தேவைப்படும். இரத்த அழுத்தம் உயராமலிருக்கத் தரப்படும் குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரை மட்டும் பொதுவாகத் தடையாகாது. முதுகில் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களும் இதய நோய் உள்ளவர்களும் மயக்க மருத்துவரை முன்கூட்டியே சந்திப்பது நல்லது.

பரவலான சில அச்சங்கள்

"முதுகில் ஊசி போட்டால் ஆயுள் முழுவதும் இடுப்பு வலி."

ஊசி போட்ட இடத்தில் சில நாட்கள் வலி இருக்கலாம். நீண்டகால முதுகு வலிக்கு எபிடியூரல் காரணமாவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கர்ப்ப காலத்தில் இடுப்பு மூட்டுகளின் தசைநார்கள் தளர்வது, குனிந்து பால் கொடுப்பது, ஓய்வின்றி வேலைக்குத் திரும்புவது ஆகியவையே பெரும்பாலும் காரணங்கள். தறியிலும் தையல் இயந்திரத்திலும் மணிக்கணக்கில் வேலை செய்யும் பெண்கள் இதைக் குறிப்பாக நினைவில் கொள்ள வேண்டும்.

"எபிடியூரல் போட்டால் சிசேரியனில்தான் முடியும்."

உண்மையன்று. எபிடியூரல் அறுவைசிகிச்சைப் பிரசவத்தின் வாய்ப்பைக் கூட்டுவதில்லை. முதல் பிரசவத்தில் வலி தூண்டப்பட்ட பெண்களிடம் நடத்தி 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரம்பத்திலேயே முதுகு வழி வலி நிவாரணம் பெற்றவர்களுக்கும் தாமதமாகப் பெற்றவர்களுக்கும் இதில் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே கருப்பை வாய் இன்ன அளவு விரியும் வரை வலியைத் தாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை.

"வலி பட்டால்தான் சக்தி, வலி இல்லாவிட்டால் பிரசவம் ஆகாது."

இந்நம்பிக்கை தமிழ்நாட்டில் ஆழமாக வேரூன்றியது. 1990-களில் இங்கு ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் சிசிலியா வான் ஹாலன், பெண்கள் வலியைக் கூட்டும் ஊசியை விரும்பிக் கேட்டதையும், வலியைச் சக்தியோடு இணைத்துப் பேசியதையும் 2003-இல் வெளியான தம் நூலில் பதிவு செய்துள்ளார். குழந்தையை வெளிக்கொணர்வது கருப்பைச் சுருக்கமும் தாய் முக்குவதும் ஆகும். அவற்றை நடைபெறவிட்டு, வலியை மட்டும் குறைக்க இயலும்.

இந்நம்பிக்கையால் விளையும் ஆபத்து ஒன்றுண்டு. விரைவில் குழந்தை பிறக்க வேண்டுமென்று வீட்டிலோ, கண்காணிப்பு வசதியற்ற இடத்திலோ "வலி ஊசி" போட்டுக்கொள்வது தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்தை விளைவிக்கும். எக்காரணம் கொண்டும் இதற்கு உடன்படாதீர்கள்.

வெள்ளகோவில் பகுதித் தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை

வலி தூண்டுதல், அறுவைசிகிச்சை செய்யும் வசதியுள்ள இடத்திலேயே நடைபெற வேண்டும். ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனைக்கு வந்த தாயை, வலி தூண்டுவதற்காகக் காங்கயம், தாராபுரம், திருப்பூர் போன்ற ஊர்களில் உள்ள மருத்துவமனைக்கு அனுப்ப நேரலாம். முதல் பிரசவத்திற்குத் தாய் வீட்டிற்குச் செல்வோர் கரூர், ஈரோடு போன்ற வேறு மாவட்ட மருத்துவமனையிலும் சேரலாம். அங்கு மயக்க மருத்துவர் இரவிலும் இருப்பாரா, அறுவைசிகிச்சைக்கு மட்டும் வருவாரா என்பது இடத்திற்கு இடம் வேறுபடும். ஓர் அறுவைசிகிச்சை நடந்துகொண்டிருந்தால் எபிடியூரலுக்குக் காத்திருக்கவும் நேரலாம்.

எனவே, அனுப்பும் மருத்துவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பரிசோதனை அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், அண்மைய இரத்தப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். தட்டணுக்களின் எண்ணிக்கை தெரிந்திருந்தால் எபிடியூரல் பற்றிய முடிவு தாமதமாகாது.

2011-இல் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் பிரசவம், அறுவைசிகிச்சை, மருந்துகள், பரிசோதனைகள், உணவு, போக்குவரத்து ஆகியவை கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. தனியார் மருத்துவமனையாயின், எபிடியூரலுக்கும் மயக்க மருத்துவருக்கும் தனிக் கட்டணம் உண்டா என்பதைச் சேரும் முன்பே கேளுங்கள்.

தேதி குறிக்கும் நாளில் கேட்க வேண்டிய கேள்விகள்

- எனக்கு ஏன் வலி தூண்டப்படுகிறது? சில நாட்கள் காத்திருக்க இயலுமா?
- எந்த முறையில் தூண்டுவீர்கள்? எவ்வளவு நேரமாகலாம்?
- இங்கு எந்தெந்த வலி நிவாரண முறைகள் உள்ளன? இரவிலும் கிடைக்குமா?
- என் உடல்நிலைக்கு எது ஏற்றது? எது கூடாது?
- நான் கேட்டதிலிருந்து எவ்வளவு நேரத்தில் கிடைக்கும்?
- என்னுடன் யார் இருக்கலாம்? எதுவரை உணவும் நீரும் எடுத்துக்கொள்ளலாம்?

முடிவு யாருடையது?

ஆரோக்கியமான கர்ப்பிணி வலி நிவாரணம் கேட்டால், அவர் விருப்பத்திற்கேற்ப எபிடியூரல் வழங்கலாம் என 2018-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துள்ளது. ஒப்புதல் தாயினுடையது. கணவரும், தாயாரும், மாமியாரும் கூடிப் பேசலாம். ஆனால் வலியை அனுபவிப்பவரின் சொல்லே இறுதியானது. குடும்பத்தினர் வீட்டிலேயே இதைப் பேசி முடித்துவிட்டு வந்தால், பிரசவ அறை வாசலில் வாக்குவாதத்திற்கு இடமிராது.

எபிடியூரல் வேண்டாம் என்று வந்தவர் பிறகு கேட்கலாம். வேண்டும் என்று வந்தவர் தேவையில்லை என்று விடலாம். எபிடியூரல் இல்லாத மருத்துவமனையில் சேர்ந்தாலும், துணைவர், அசைவு, ஊசி ஆகியவற்றை எந்த வரிசையில் பயன்படுத்துவது என்று முன்பே பேசி வைத்திருப்பது பெரும் உதவியாகும்.

உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்

- ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையே ஓய்வே இல்லாத தொடர் வலி, அல்லது 10 நிமிடங்களில் ஐந்துக்கும் மேற்பட்ட வலிகள். சொட்டு மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கலாம்.
- முன்பு சிசேரியன் ஆனவர்களுக்குத் தழும்பு உள்ள இடத்தில் விடாத வலி.
- இரத்தப்போக்கு, அல்லது பனிக்குட நீர் பச்சை நிறமாக வெளியேறுதல்.
- குழந்தையின் அசைவு குறைதல்.
- கடுந்தலைவலி, கண் மங்கல், மூச்சுத்திணறல்.

"பிரசவம் என்றால் வலிக்கத்தானே செய்யும்" என்று எண்ணி இவற்றைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். எபிடியூரல் போட்டுக்கொண்டவர்களும், வலி திடீரென மீண்டும் கடுமையானால் உடனே தெரிவிக்க வேண்டும்.

உதவிக்கு

அவசர ஊர்தி: 108. மருத்துவ ஆலோசனை: 104. தாய் சேய் நல ஊர்தி: 102.

இப்பக்கம் பொதுவான விளக்கத்திற்கானது. உங்கள் உடல்நிலைக்கேற்ற முடிவை உங்கள் மருத்துவருடன் கலந்து எடுங்கள். அடுத்த பரிசோதனைக்குச் செல்லும்போது, மேலே உள்ள கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.