தோல் சரக்கும் வெயிலும்: கடைக்காரர் கவனத்திற்கு

பலசரக்கு வியாபாரிக்குச் செருப்பைப் பற்றி என்ன பேச்சு என்று நினைக்க வேண்டாம். நம் கிராமப்புறக் கடைகளில் அரிசி, பருப்போடு செருப்பும் ஷூவும் விற்பது வழக்கம்தானே!

உசிலம்பட்டிப் பக்கம் நம்மிடம் சரக்கு எடுக்கும் ஒரு தம்பியின் கடைக்கு வசூலுக்குப் போயிருந்தேன். அப்போது ஒருவர் மகனுக்கு முதல் நாள் வாங்கிய பழுப்பு நிறத் தோல் ஷூவைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஒன்று நல்ல பழுப்பு, மற்றது வெளிறிப்போய் இருந்தது. "பழைய சரக்கைத் தள்ளிவிட்டீர்களே" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். தம்பி பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அண்ணாச்சி, கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்றார்.

நான் கடையைச் சுற்றிப் பார்த்தேன். மேற்குப் பார்த்த கடை. ஜோடியில் ஒன்றை மட்டும் கண்ணாடி அலமாரியில் வைத்து, மற்றதைப் பெட்டியில் போட்டிருந்தார். கோடை முழுவதும் மாலை வெயில் அலமாரியில் விழுந்திருக்கிறது. கண்ணாடி சூட்டையும் வெளிச்சத்தையும் தடுத்துவிடாது. புற ஊதாக் கதிரில் ஒரு பகுதி அதன் வழியே புகுந்து சாயத்தைச் சிதைக்கும். குற்றம் கம்பெனியிடம் இல்லை, நம் அலமாரியில்தான்.

சாயம் ஏற்றாத தோலுக்கு நேர்மாறு. பட்டையில் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்து கறுக்கும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட நம் முன்னோர் இதை அறிந்தே, கடைசியில் தோலைக் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்தார்கள். அதனால் சிவப்பது குறைந்தது. திண்டுக்கல், திருச்சி வட்டாரத்துக்குப் பேர் வாங்கித் தந்த இந்த ஈ.ஐ. தோலுக்கு 2008-09-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாம் மூட்டையில் விற்கும் கடுக்காயின் பெருமை இது!

அடுத்த எதிரி ரசாயனம். அதே கடையில் பிளீச்சிங் பவுடர் மூட்டை மேல் ஷூ பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் சாயத்தை வெளுக்கும், தோலையும் கெடுக்கும். சலவைச் சோடாவும் சுண்ணாம்பும் ஈரத்தோடு பட்டால் திட்டுத் திட்டாகக் கறை விழும். பட்டையில் பதனிட்ட தோல் ஈரமாக இரும்புத் தட்டில் இருந்தால் கருங்கறை படியும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை ஆவது நமக்குத் தெரிந்ததுதானே!

ஆகவே சில யோசனைகள்:

கண்ணாடி அலமாரிக்கு மாலையில் திரை போடுங்கள். பார்வைக்கு வைக்கும் ஜோடியை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். வைத்தால் இரண்டையும் சேர்த்தே வையுங்கள். பிளீச்சிங் பவுடர், பினாயில், ஆசிட் வகைகளுக்குத் தனி இடம் ஒதுக்குங்கள். இரும்புத் தட்டில் அட்டை விரியுங்கள். விற்கும்போது, "நனைந்தால் நிழலில் காய வையுங்கள், மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

வெயிலில் போன சாயம் தானாகத் திரும்பாது. பாலிஷ் போட்டு மறைத்து விற்றால் சில நாளில் வெளுத்துவிடும். அதோடு நம் பேரும் வெளுக்கும். வெளிறிய ஜோடியைக் காரணம் சொல்லி, விலையைக் குறைத்து விற்பதே மரியாதை.

அந்தத் தம்பி இப்போது அலமாரிக்குச் சணல் திரை கட்டியிருக்கிறார். ஷூ வாங்கியவரைத் தேடிப்போய் உள்ளதைச் சொன்னாராம். அவர் மறுபடியும் கடைக்கு வருகிறார்.