உங்களுக்குத் தெரியுமா? நீமோவின் அப்பா அம்மாவாக மாறியிருப்பார்!

2003இல் பிக்சார் நிறுவனம் உருவாக்கிய 'ஃபைண்டிங் நீமோ' படம் நினைவிருக்கிறதா? தொடக்கத்திலேயே பாரக்குடா மீன் வந்து நீமோவின் அம்மாவை விழுங்கிவிடும். அப்பா மார்லின் தனியாளாகப் பிள்ளையை வளர்ப்பார்.

நிஜக் கடலில் கதை வேறு. நீமோவின் இனமான கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் பிறக்கின்றன. ஒரு கூட்டத்தில் பெரியது மட்டும் பெண். அது இறந்துபோனால், அதன் ஜோடியான ஆண் மீன் சில வாரங்களில் பெண்ணாக மாறத் தொடங்கிவிடும். அப்படிப் பார்த்தால் மார்லின், நீமோவுக்கு அம்மாவாகியிருக்க வேண்டும்! படம் எடுத்தவர்கள் இதைத் தொடாமல் விட்டது நல்லதுதான்; கதை குழம்பியிருக்கும்.

ஆனால் மார்லினின் அக்கறை பொய்யில்லை. முட்டைகளைக் காப்பது பெரும்பாலும் அப்பாவின் வேலை. துடுப்பால் விசிறி விசிறி நல்ல நீரோட்டம் தரும்; கெட்டுப்போன முட்டைகளை வாயால் எடுத்துவிடும். குடியிருப்பதோ கொட்டும் கடல் சாமந்தியின் நடுவில். உடலைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான பூச்சு இருப்பதால் மீனுக்கு ஒன்றும் ஆவதில்லை.

அதே படத்தில் வரும் மறதிக்காரி மீன் டோரிக்கு வருவோம். அவள் நீல டாங் இனம். வாலின் அடியில், இருபக்கமும் கத்திபோல் கூரான முள் உண்டு. ஞாபகம் மட்டும் அவ்வளவு மோசமில்லை: கற்றதை மாதக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும் மீன்கள் பல உண்டு.

படத்தில் ஆமைகள் சறுக்கி விளையாடும் அந்தக் கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டமும் கற்பனையல்ல. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரம் அது இன்றும் தெற்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது.