பூட்டும் வேண்டும், வழியும் வேண்டும்

ஆங்கிலத்தில் 'சேஃப்டி', 'செக்யூரிட்டி' என்று இரண்டு சொற்கள் உண்டு. தமிழில் இரண்டையும் 'பாதுகாப்பு' என்றே சொல்லிவிடுகிறோம். முன்னது விபத்திலிருந்து காப்பது; பின்னது திருடன், சதிகாரன் போன்றோரிடமிருந்து காப்பது. இரண்டும் சில சமயம் ஒன்றுக்கொன்று எதிராகவே நிற்கும் என்பதை ரயில்வேயில் பணியாற்றிய காலத்தில் நன்றாகவே உணர்ந்திருக்கிறேன்.

ரயில் பெட்டியின் ஜன்னல் கம்பியையே எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து கைவிட்டு நகையைப் பறிப்பவனை அது தடுக்கிறது. ஆனால் பெட்டியில் தீப்பிடித்தால் அதே கம்பி உள்ளே இருப்பவரைச் சிறை வைத்துவிடும். இதனால்தான் பெட்டிகளில் சில ஜன்னல்களை மட்டும் அவசர வழியாகத் திறக்கும்படி அமைக்கிறார்கள். ஏறி உட்கார்ந்ததும் அது எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

2007 பிப்ரவரி 18 இரவு, தில்லியிலிருந்து அட்டாரி சென்ற சம்ஜௌதா எக்ஸ்பிரஸில் பானிப்பட் அருகே குண்டுகள் வெடித்து இரண்டு பெட்டிகள் எரிந்தன. 68 பேர் மாண்டனர். பாதுகாப்புக்கென்று பல ஜன்னல்களில் கம்பி போட்டிருந்ததால் பயணிகள் வெளியேற முடியாமல் தவித்தார்கள். சதிகாரனைத் தடுக்காத கம்பி, பயணியைத் தடுத்தது.

விமானத்திலும் இதே கதைதான். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு, கடத்தல்காரர் நுழையாதபடி விமானி அறைக் கதவை உறுதியாக்கினார்கள். 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் துணை விமானி, தலைமை விமானி வெளியே சென்ற நேரம் பார்த்து அந்தக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு, விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதவிட்டார். 150 பேரும் இறந்தனர்.

ஆகவே பூட்டே வேண்டாம் என்பதா? இல்லை. குறை பூட்டில் இல்லை. முடிவெடுக்கும் முறையில் இருக்கிறது. ரயில்வே பாதுகாப்புப் படை கவனிப்பது செக்யூரிட்டி. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் கவனிப்பது சேஃப்டி; அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ்கூட இல்லை, சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். எந்த நிறுவனமானாலும் பூட்டுப் போடச் சொல்பவரும், தீ வந்தால் ஆட்களை வெளியேற்ற வேண்டியவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசவேண்டும். அங்கே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்தத் தடை வெளியாளைத் தடுக்கும்போது உள்ளே இருப்பவரையும் தடுக்கிறதா?" உள்ளே வருவதற்குச் சாவி கேட்கலாம், வெளியே போவதற்குச் சாவி கேட்கக்கூடாது.

நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் இது பொருந்தும். பால்கனி முழுவதும் கிரில் அடைத்திருக்கிறோம். மொட்டை மாடிக் கதவின் சாவி செயலாளர் வீட்டில் இருக்கும். அவர் ஊருக்குப் போயிருந்தால்? கிரிலில் உள்ளிருந்து திறக்கும் ஒரு கதவு வையுங்கள். மாடிக்கதவில் பூட்டுக்குப் பதில், உள்பக்கம் இருந்து கையால் நீக்கும் தாழ்ப்பாள் போதும். அடுத்த குடியிருப்போர் கூட்டத்தில் காவலாளி சம்பளத்தைப் பேசும்போது இதையும் ஐந்து நிமிடம் பேசுங்கள்.