வேலணைச் சிப்பிமேடும் வெளியூர்க் கல்லும்

யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டுகிறவர்களுக்குத் தெரியும்: கொஞ்ச ஆழத்திலேயே சுண்ணக்கல் தட்டுப்படும். மயோசீன் காலக் கடலடியில் படிந்து இறுகிய பாறை அது. ஆதி மனிதர் கூரிய கருவிகள் செய்த படிகக்கல் அதற்குள் கிடையாது. அது தெற்கே, பெருநிலப்பரப்பின் பழம்பாறைகளுக்கு உரியது. ஆகவே குடாநாட்டு மண்ணில் உடைத்த படிகக்கல் சில்லு ஒன்று அகப்பட்டால், அதை யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தின் வேலணைத் தீவில் அகழ்ந்த சிப்பிமேட்டில், அதாவது மனிதர் தின்று எறிந்த சிப்பிகளின் குவியலில், அத்தகைய கற்கருவிகள் விலங்கெலும்புகளோடு கிடைத்தன. காலம், இன்றைக்கு 3,400 ஆண்டுகளுக்கும் முன். ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த, இரும்புக்காலத்தைச் சேர்ந்த பெருங்கற்கால அடக்கத்தைவிட இது மூத்தது. குடாநாட்டின் மனித வரலாற்றை இரும்புக்காலத்திலிருந்து தொடங்கிய எங்களுக்கு, அதற்கு முந்திய ஓர் அத்தியாயத்தை ஒரு குப்பைமேடு தந்திருக்கிறது!

கடல் ஒதுக்கிய சிப்பியா, மனிதர் தின்று எறிந்த சிப்பியா என்பதை எப்படிப் பிரிப்பது? கடலலை பெரிது, சிறிது, உண்ணத்தகாதது எல்லாவற்றையும் கலந்தே குவிக்கும். மனிதர் பொறுக்கிய குவியலில் உண்ணக்கூடிய இனங்களே மிகுந்திருக்கும். அவையும் பெரும்பாலும் வளர்ந்தவை. கரியும் கருவியும் கூடவே கிடந்தால் ஐயம் தீரும்.

காலத்தைச் சொல்வது காபன் 14. உயிர் பிரிந்ததும் அது உடலில் புதிதாகச் சேராது. 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். சிப்பியில் ஒரு சிக்கல் உண்டு. கடல்நீரில் பழைய காபன் கரைந்திருப்பதால், ஓடு தன் உண்மை வயதைவிடச் சில நூறு ஆண்டுகள் மூப்பாகத் தோன்றும். அதைக் கழித்துத்தான் கணக்கிடுவார்கள்.

சுமார் 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் இந்த முறை செல்லாது. இரணைமடுப் பகுதியின் செம்மணல் போன்ற பழைய படிவுகளுக்கு வேறு வழி: மணற்பரல் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்பதை, அதற்குள் தேங்கிய ஆற்றலை ஒளியாக வெளியேற்றி அளப்பார்கள்.

தெற்கே பாஹியன்கல குகையில் ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் குரங்கும் அணிலும் வேட்டையாடினர். அதே பழமைக்குக் குடாநாட்டில் சான்று கிடைக்காததை வைத்து, இங்கே ஆளே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை நடந்து கடக்கும் தரை. யாழ்ப்பாணம் அப்போது குடாநாடே அல்ல. அக்காலக் கரையோரச் சிப்பிமேடுகளைத் தேடவேண்டிய இடம் இன்று கடலுக்கு அடியில். பிற்காலத்தவை தீவகத்தில் இன்னும் புதைந்திருக்கலாம். வீதிக்கும் கட்டடத்துக்கும் மண் அள்ளுமுன் அவற்றைப் பதிவுசெய்ய வேண்டும்.